மருந்துச் சீனி

"சீப்ப எங்கடி வச்ச?" என்று கேட்டபடியே நிரஞ்சலா மகளின் பையை மூன்றாவது முறையாகத் திறந்தாள். சீப்பு உள்ளேதான் இருந்தது. பள்ளிக்கூட உடுப்பு, இரண்டு கவுன், சாக்கு போலத் தடித்த ஒரு ஸ்வெட்டர், எல்லாம் அடுக்கியபடி அப்படியே இருந்தன. பையை மூடத்தான் அவளுக்குக் கை வரவில்லை.

வாசற்படியில் நின்ற சுரேஸ் போனை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். கத்தாரிலிருந்து லீவில் வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. அதில் ஒரு நாளைப் பதுளையில் தம்பி கணபதி வீட்டில் கழித்துவிட்டு நேற்று இருட்டும் நேரத்தில்தான் திரும்பினான். வந்ததிலிருந்து பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்ததைவிட அந்தப் போனைப் பார்த்ததுதான் அதிகம்.

"நேத்து மூணரை மணிக்கு முன்னூத்திப் பன்னெண்டு!" என்றான். "நான் இங்க வந்து நிக்கிறப்பவே இந்த லெட்சணம்னா, நான் இல்லாதப்ப எப்புடி இருந்திருக்கும்? அங்க கெடந்து தெனமும் பாக்கிறேன்... தெனமும் மூணு மணியானா மலை ஏறுற மாதிரி ஏறுது. புள்ளைக்கு என்னத்தத்தான் குடுத்துத் தொலைக்கிற?"

"நான் ஒண்ணும் குடுக்கலைங்க..."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?"

நிரஞ்சலா சீப்பை எடுத்து மறுபடியும் பைக்குள் வைத்தாள். மெஷின் பொய் சொல்லவில்லை. நேற்று மூன்று மணியிலிருந்து அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்பது வயது விதுர்ஷனாவின் மேற்கையில் ஒட்டியிருக்கும் வெள்ளை வட்டம், ஒரு சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே மயிரிழை போன்ற ஊசி ஒன்று இருந்துகொண்டு, சில நிமிடத்துக்கு ஒரு தடவை உடம்பின் சீனியை அளந்து, வீட்டிலிருக்கும் பழைய போனுக்குச் சொல்லும்; போனில் அது ஏறி இறங்கும் கோடாகத் தெரியும். அந்தப் போன் உடனே கத்தாரிலிருக்கும் சுரேஸின் போனுக்கும் சொல்லிவிடும். ஐந்து மாதத்துக்கு முன்னால் சுரேஸ் அங்கிருந்து ஆள் மூலமாக இதை அனுப்பி வைத்தபோது, லுணுகலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்து லயமே, வரிசை வீட்டுச் சனம் மொத்தமும், வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது.

"இனிமே விரல்ல குத்த வேணாம்" என்று விது துள்ளினாள். நிரஞ்சலாவும்தான் மகிழ்ந்தாள். கடல் தாண்டிப் போன மனுஷன் இனி அந்தக் கோட்டைப் பார்த்தே தன் சமையலை, தன் நடமாட்டத்தை, தன் பிள்ளை வளர்ப்பையெல்லாம் அளக்கப்போகிறான் என்று அவள் கண்டாளா?

அதற்கு முந்திய காலத்தை அவள் இப்போது நினைத்துப் பார்த்தாள். நாலு வயதில் பிள்ளைக்கு இந்தச் சீனி நோய் என்று தெரிந்தபோது வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. மண்சட்டியில் ஈரமணல் போட்டு, அதற்குள் இன்னொரு சின்னச் சட்டி வைத்து, அதில்தான் இன்சுலின் குப்பி. காலையிலும் மாலையிலும் மணலில் தண்ணீர் தெளிப்பது புருஷனின் அக்கா இராக்கம்மாவின் வேலை. விரலில் குத்துகிற நேரம் வந்தால் இரண்டு பொம்பிளைகளும் பிள்ளையை நடுவில் வைத்துக்கொள்வார்கள். நிரஞ்சலா குத்துவாள். இராக்கம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆச்சா... ஆச்சா..." என்பாள். குத்து வாங்கும் பிள்ளை, "ஆச்சு அத்தை, கண்ண தொறங்க" என்று அவளைத் தேற்றும்!

கிளினிக் நாளென்றால் விடிய முன்னரே மூவரும் ஒரே சால்வைக்குள் புகுந்துகொண்டு ரோட்டில் நின்று, பசறை வழியாகப் போகும் முதல் பஸ்ஸைப் பிடிப்பார்கள். திரும்பும்போது பதுளைக் கடைத்தெருவில் ஒரு சுருள் வறுத்த கச்சான் கடலை. பல்லுக்குச் சரியில்லை என்று சொல்லித் தன் பங்கையும் விதுவுக்கே கொடுத்துவிடுவாள் இராக்கம்மா. பிள்ளைக்கு ஆகாததை நாமும் தின்ன வேண்டாம் என்று அவள் ஒரு நாள் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த ஒற்றை அறைக் காம்பராவில் தீபாவளிக்குக்கூட முறுக்கு மட்டும்தான்.

கஷ்டகாலம்தான். ஆனால் அப்போது யாரும் யாரையும் கோடு போட்டுப் பார்த்து ஏசவில்லை. பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தே, வேர்வை குளிர்ந்திருக்கிறதா இல்லையா என்று நிரஞ்சலா சொல்லிவிடுவாள். அந்தக் கைக்கு அன்று ஒரு மதிப்பு இருந்தது.

"கெளம்புங்க, பஸ் போயிரும்" என்றான் சுரேஸ். "கிளினிக்குல காட்டிட்டு நேரா கணபதி வீட்டுக்குப் போறோம். அவன் வீட்டுல பிரிட்ஜ் இருக்கு, வை-பை இருக்கு. அவன் பெண்டாட்டி நாள் முழுக்க வீட்டுல இருக்கா. புள்ள இனிமே அங்கதான். உனக்குப் பார்க்கணும்னா மாசத்துக்கு ஒருக்கா வந்து பாரு."

"என்னங்க... அவ என்னைய விட்டு ஒரு ராத்திரிகூட இருந்தது இல்லைங்க..."

"இருந்து பழகட்டும்! உன் கையில விட்டுட்டு அங்க என்னால வேலை பார்க்க முடியல. வண்டி ஓட்டுறப்பல்லாம் மனசு போன்லதான் கெடக்கு."

மூலையில் உட்கார்ந்திருந்த இராக்கம்மா எழுந்து சேலையை உதறிக் கட்டிக்கொண்டாள். "நானும் வாரேன். புள்ள ஊசி போடுறப்ப நான் பக்கத்துல இல்லாட்டி அழுவா" என்றாள். அவளை வேண்டாம் என்று சொல்ல சுரேஸுக்கே துணிவில்லை.

பஸ்ஸில் விது அத்தையின் மடியில் சாய்ந்து தூங்கிப்போனாள். நிரஞ்சலா ஜன்னலோரம் இருந்து, நேற்று நடந்ததை மறுபடியும் மறுபடியும் நினைத்துக்கொண்டு வந்தாள்.

நேற்று மத்தியானம் மழை பிடித்ததால் கங்காணி கொழுந்துக்காரிகளை நேரத்தோடு அனுப்பிவிட்டார். மூன்று மணிக்கு அவள் லயத்து வாசலுக்கு வந்தபோது உள்ளே போன் 'கீ... கீ...' என்று கத்திக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து இராக்கம்மா பதறியடித்து ஓடி வந்தாள். சாமித்தட்டில் இருந்த ஹார்லிக்ஸ் போத்தலை எடுத்தாள். பிள்ளையின் உள்ளங்கையில் சீனியைக் கொட்டினாள். "முழுங்குடி என் தங்கம்... சீக்கிரம் முழுங்கு!" என்றாள். விது கையை நக்கிக்கொண்டே சிரித்தாள்.

நிரஞ்சலா போனை எடுத்துப் பார்த்தாள். இருநூற்று அறுபது. மேலே போகும் அம்புக்குறி.

போன் கத்தியது சீனி கூடியதற்கு. இராக்கம்மா சீனி கொடுத்தது குறைந்ததென்று நினைத்து. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பிள்ளை சோறு தின்றதும் கொஞ்சம் ஏறும், போன் கத்தும், இவள் ஒரு கை சீனி கொடுப்பாள். இன்னும் ஏறும், மறுபடி கத்தும், மறுபடி ஒரு கை... நிரஞ்சலா வேலைக்குப் போகும் நாளெல்லாம், ஐந்து மாதமாக! எழுத்து வாசனை அறியாதவள் எண்ணைப் பார்த்தா தெரிந்துகொள்வாள்? சத்தம்தான் அவளுக்குத் தெரியும்.

எத்தனை தடவை கேட்டிருப்பாள் நிரஞ்சலா! "அண்ணி, புள்ளைக்கு இனிப்பு ஏதும் குடுத்தீங்களா?" என்று. "மாரியம்மா மேல சத்தியமா இல்ல" என்பாள் இராக்கம்மா. அது பொய்யுமில்லை. சாமித்தட்டில் இருப்பது மருந்துச் சீனி. அதை இனிப்பு என்று அந்த வீட்டில் யாரும் நினைத்ததே கிடையாது.

நேற்று நிரஞ்சலா ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைக்குத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, போனைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, "இனி இத நானே பாத்துக்கிறேன் அண்ணி" என்று மட்டும் சொன்னாள். சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நேற்றே அவள் மேலிருந்த பழி விலகியிருக்கும்.

ஆனால் அந்த ஹார்லிக்ஸ் போத்தல் அந்தத் தட்டுக்கு வந்த கதை அவளுக்குத் தெரியுமே! விதுவுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, நிரஞ்சலா மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த நேரம், பிள்ளை சீனி குறைந்து மயங்கி விழுந்தது. என்ன செய்வதென்று தெரியாத இராக்கம்மா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, செருப்புமில்லாமல், கொழுந்து லொறி நிற்கிற இடம் வரைக்கும் ஓடினாள். பிள்ளை பிழைத்தது. அன்று மாலை கத்தாரிலிருந்து பேசிய சுரேஸ் அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னான். "ஒண்ணு பெத்து வளத்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்!"

யாரைப் பார்த்து! தாயும் தகப்பனும் அடுத்தடுத்துச் செத்தபோது இராக்கம்மாவுக்குப் பதினேழு வயது. சுரேஸுக்கு நாலு, கணபதிக்கு இரண்டு. பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் "ரெண்டு புள்ளைகளோட யாரு கட்டுவா?" என்று சிரித்தே திருப்பி அனுப்பிவிட்டுக் கூடையைத் தலையில் மாட்டியவள் அவள். அந்த வார்த்தையைக் கேட்டபின் மூன்று நாள் அவள் சோற்றில் கை வைக்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னபடி ஒரு போத்தலில் சீனியைப் போட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இனி ஒரு தரம் அப்படி ஒரு சொல் அவள் காதில் விழக் கூடாது என்று அன்றே நிரஞ்சலா முடிவெடுத்திருந்தாள். அதற்காகப் பிள்ளையைப் பிரிய வேண்டி வரும் என்று அன்று அவளுக்குத் தெரியாது. பஸ் பதுளைக்குள் இறங்கியபோது அவள் மகளின் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கிளினிக்கில் இருந்தவர் டொக்டர் றமீலா. சின்ன வயது. முக்காட்டை ஒதுக்கிவிட்டுக்கொண்டே போனை வாங்கி, கோடுகளை ஒவ்வொரு நாளாகத் தள்ளிப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. விது டொக்டரின் மேசையில் இருந்த பேனாக்களை எண்ணினாள்.

"காலையில எவ்வளவு நல்லா இருக்கு! இரவும் நல்லா இருக்கு" என்றார் டொக்டர். "யாரு பார்க்கிறது? அம்மாவா? கெட்டிக்காரி. இப்படி ஒரு கோட்ட டவுன்ல இருக்கிற பிள்ளைகள்ட கூட நான் காணல்ல."

சுரேஸ் முகம் சுருங்கியது. "அந்த மூணு மணியப் பாருங்க டொக்டர்."

"அதத்தான் பார்க்கிறேன். கிழமை நாள்ல மட்டும்தான் ஏறுது. ஞாயிற்றுக்கிழமை ஒண்ணும் இல்ல. பௌர்ணமிப் போயா லீவு நாள்லயும் இல்ல. அம்மா வீட்டுல இருக்கிற நாள்ல எல்லாம் சரியா இருக்கு. கிழமை நாள்ல பின்னேரம் பிள்ளையோட யார் இருக்கிறது?"

சுரேஸ் மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தான். அவன் உதடு பிரிவதை நிரஞ்சலா கண்டாள். அவ்வளவுதான். அவள் வாய் தன்னாலேயே பேசியது.

"நான்தாங்க!"

"என்ன?"

"நான்தான்... வேலைக்குப் போகக்குள்ள ரொட்டிக்குள்ள சீனி வச்சு மூடிட்டுப் போவேன்... புள்ள ஏங்குதேன்னு... அண்ணிக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் பண்ணுன தப்புதான். நீங்க சொன்னபடி புள்ளைய கணபதி வீட்டுலயே விட்டுருங்க..."

"அடிப்பாவி!" சுரேஸ் எழுந்துவிட்டான். "காலையில கேட்டப்பகூட ஒண்ணும் குடுக்கலைன்னு சாதிச்சியேடி! பெத்த தாய் செய்யிற வேலையா இது? டொக்டர், பாத்தீங்களா? இவகிட்ட இனிமே புள்ளைய ஒரு நிமிசம் விட மாட்டேன்!"

நிரஞ்சலா தலையைக் குனிந்து நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பிள்ளையின் பக்கம் மட்டும் அவள் பார்க்கவில்லை. பார்த்தால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்வாள் என்று அவளுக்கே பயம்.

"பொய்யி!"

இராக்கம்மாதான். அந்தக் கிழட்டுக் குரல் அறைக்கு வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"பொய் சொல்றா டொக்டரம்மா! அவ ரொட்டியும் வைக்கல, ஒண்ணும் வைக்கல. புள்ளைக்குச் சோறு போட்டுக் குடுக்கிறவ நான்தான், எனக்குத் தெரியாதா? எதுக்குடி பொய் சொல்ற நிரஞ்சலா... எதுக்கு?" சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். நேற்று நிரஞ்சலா போனைப் பார்த்ததும், அதை இடுப்பில் செருகியதும் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "நான் மருந்துச் சீனிதானே குடுத்தேன்... போன் கத்துனா மருந்துச் சீனி குடுப்பேன். அதாலயா? அதாலயாம்மா?"

டொக்டர் கதிரையை முன்னால் இழுத்தார். "கத்துற ஒவ்வொரு தரமுமா குடுப்பீங்க?"

"ஆமா. மறுபடி கத்துனா மறுபடி குடுப்பேன். புள்ளைக்குச் சீனி கொறஞ்சிட்டுன்னுதானே கத்துது?"

"கொறஞ்சாலும் கத்தும். கூடினாலும் கத்தும்."

இராக்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "கூடுனாலுமா? ஐயோ... அது யாரும் எனக்குச் சொல்லலியே! மாரியாத்தா... என் கையாலயே புள்ளைக்கு வெசம் வச்சிருக்கேனே!"

"அழாதீங்க. இந்தப் போன உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

இராக்கம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். "யாரும் இல்லைங்க... நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்" என்றாள் கடைசியில்.

"இல்ல அத்தை!" என்றாள் விது, பேனாவைக் கீழே வைத்துவிட்டு. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்த அத்தைதான். "அப்பாதான் சொன்னாங்க. வீடியோவுல. 'அக்கா, போன் கத்துச்சுன்னா வேற ஒண்ணும் யோசிக்காத, ஓடிப்போயி சீனியக் குடு'ன்னு. எங்கிட்டயும் சொன்னாங்க. அத்தை குடுத்தா வேணாம்னு சொல்லாம தின்னணும்னு."

சுரேஸ் உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பதைவிட விழுந்தான் என்பதே சரி. ஐந்து மாதத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, தங்குமிடத்தில் படுத்துக்கொண்டு அவன்தான் அதைச் சொன்னான். குறைவதைப் பற்றித்தான் அவனுக்கு அன்று பயம். கூடுவதற்கும் கத்தும்படி போனில் வைத்ததும் அவன்தான். அந்தக் கோட்டைப் பார்த்து ஐந்து மாதமாக அவன் ஏசியதெல்லாம் தன்னைத்தான்.

டொக்டர் றமீலா போனை எடுத்தார். கூடினால் சத்தம் வராமல், குறைந்தால் மட்டும் கத்தும்படி மாற்றினார். "அம்மா, இனி இது கத்தினா நீங்க ஓடுறது சரி. அப்படியே ஓடுங்க" என்று இராக்கம்மாவின் கையைத் தொட்டுச் சொன்னார். பிறகு சுரேஸைப் பார்த்து, "பிள்ளைக்கு பிரிட்ஜும் வை-பையும் முக்கியம்தான். ஆனா இந்த ரெண்டு பேரையும் விட்டுட்டு அந்த வீட்டுக்கு அனுப்பணுமான்னு நல்லா யோசிங்க" என்றார்.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் இராக்கம்மா நின்றுவிட்டாள்.

"நீங்க போங்கடா. நான் ஹல்துமுல்லைக்கு மாமன் மகன் மாரிசாமி வீட்டுக்குப் போயிடுறேன். நல்லது கெட்டது தெரியாத கெழவி... நான் இருந்தா இன்னும் என்னத்தயாச்சும் செஞ்சு வைப்பேன். நிரஞ்சலா, உன் புள்ளைய நீ பாத்துக்க தாயி. என் தப்புக்கு நீ பேச்சு வாங்கிட்ட..."

நிரஞ்சலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. சுரேஸ் அருகே வந்தான். நாலு பேர் பார்க்கிற இடம் என்பதெல்லாம் அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"நிரஞ்சலா... நான் உன்னையப் பேசக் கூடாத பேச்செல்லாம் பேசிட்டேன். என்னைய மன்னிச்சிரு. உன் காலத் தொட்டு வேணும்னாலும்..."

"எனக்கு ஒண்ணும் வேணாங்க" என்றாள் நிரஞ்சலா. ஐந்து மாதத்தில், போனிலோ நேரிலோ, அவள் புருஷனை நிமிர்ந்து பார்த்துப் பேசியது அப்போதுதான். "என்னைய ஏசுனது எனக்குப் பழகிப்போச்சு. புள்ள விழுந்த அன்னைக்கு அண்ணிகிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களே... பெத்து வளத்திருந்தான்னு. அத மட்டும் திருப்பி எடுத்துக்கங்க. அது இன்னொரு தரம் வந்துரக் கூடாதுன்னுதான் உள்ள அப்புடிப் பொய் சொன்னேன்."

சுரேஸ் அந்தத் தாழ்வாரத்துச் சிமெந்துத் தரையில், நாற்பது வயது ஆம்பிளை, அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். "என்னைய வளத்ததே நீதானே அக்கா... எந்த வாயால அதச் சொன்னேன்... எந்த வாயால சொன்னேன்! யாரும் எங்கயும் போக வேணாம், புள்ளையும் போக வேணாம்!"

"எந்திரிடா சுரேஸ்... எந்திரி சாமி, உடுப்பெல்லாம் அழுக்காகுது" என்று அவன் தலையைத் தடவினாள் இராக்கம்மா. "நான் அத அன்னைக்கே மறந்துட்டேன்" என்றாள். அவள் மறக்கவில்லை என்பது அவள் அழுத அழுகையிலேயே தெரிந்தது. "எங்கயும் போக மாட்டேன், போதுமா? எந்திரி."

பிள்ளை தன்னோடுதான் திரும்பி வருகிறாள் என்பது அப்போதுதான் நிரஞ்சலாவுக்கு உறைத்தது. சுவரோர வாங்குப் பலகையில் சரிந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து வராத அழுகை, ஐந்து மாதமாக வராத அழுகை, மொத்தமும் ஒரேயடியாக வந்தது. உடம்பு நடுங்கியது. நெற்றி வேர்த்தது. இராக்கம்மா ஓடிவந்து அவளை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "அழு தாயி... நல்லா அழுதுரு..."

விது அம்மாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பயந்துபோய்த் தகப்பனைக் கூப்பிட்டாள்.

"அப்பா! அம்மாவுக்கு வேர்த்திருக்கு. கையெல்லாம் நடுங்குது, அழுவுறாங்க. அம்மாவுக்கும் கொறஞ்சிருச்சாப்பா?"

சுரேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெண்டாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"ஆமாடா கண்ணு" என்றான். "ரொம்ப நாளா கொறஞ்சுதான் கெடக்கு. அப்பாதான் பாக்கல."

தாதி ஒருத்தி வந்து, வழியை மறித்துக்கொண்டு இருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். நால்வரும் எழுந்தார்கள். சுரேஸ் தம்பிக்குப் போன் எடுத்து, பிள்ளை வரவில்லை என்று சொன்னான். பிறகு மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லுணுகலை பஸ் எத்தனை மணிக்கு என்று நிரஞ்சலாவிடம் கேட்டான்.